ஹேண்டிகேப் 30 எதிர்பார்த்தவருக்கு 24.9 ஏன் வந்தது?

சென்னையில் ஆறு மாதமாக கோல்ஃப் ஆடிவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதுவரை ஆடிய ஐந்து கார்டையும் ஒன்றாகக் கொடுத்தேன். 104, 98, 101, 97, 108. சராசரி 101.6. பார் 72-ஐக் கழித்தால் ஏறக்குறைய 30 வருகிறது. கிளப்பில் என் ஹேண்டிகேப் 24.9 என்கிறார்கள். ஐந்து ஸ்ட்ரோக் எங்கே போனது? போன வாரம் பெங்களூரில் ஆடப் போனால் அங்கே 31 கொடுத்தார்கள். எது என் ஹேண்டிகேப்? அடுத்த ஞாயிறு என் மச்சானோடு மேட்ச் வேறு இருக்கிறது. அவர் இண்டெக்ஸ் 9.8. அவரிடம் எத்தனை ஸ்ட்ரோக் வாங்கலாம்?"

புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் ஒரு வரி: ஸ்ட்ரோக் என்பது பந்தை ஒரு முறை அடிப்பது, கார்டு என்பது 18 ஹோல் ஆடி முடித்த அடிகளின் பதிவு, பார் என்பது ஒரு ஹோலுக்கோ முழு மைதானத்துக்கோ குறித்து வைத்த அடிகள், ஹேண்டிகேப் என்பது எளியவருக்குச் சலுகையாகக் கொடுக்கும் ஸ்ட்ரோக், இண்டெக்ஸ் என்பது அதற்கு அடிப்படையான எண். கிளப்பில் போட்ட கணக்கு சரி. பெங்களூரில் கொடுத்ததும் சரி. நீங்கள் தேடும் ஐந்து ஸ்ட்ரோக் எங்கேயும் போகவில்லை. ஹேண்டிகேப் உங்கள் சராசரியைச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு தேடுவதால்தான் கிடைக்கவில்லை. நீங்கள் நன்றாக ஆடும் நாளில் எவ்வளவு ஆடுவீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். பிடிபடாததால் பத்து வருஷம் ஆடியவர்கள்கூட "நான் என் ஹேண்டிகேப்புக்கு ஆடவே முடியவில்லை" என்று மனம் சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் ஓடுவான், பிடிப்பான், ஆனால் அவன் ஆட்டம் கணக்கில் வராது. கோல்ஃபில் யாரையும் அப்படிச் சேர்ப்பதில்லை. 24 ஹேண்டிகேப்காரரின் ஒவ்வொரு அடியும் கணக்கில் வரும், அவர் ஜெயித்தால் அது உண்மையான வெற்றி. அப்படி ஆக வேண்டுமென்றால் அவருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரோக் நியாயமான அளவில் இருக்க வேண்டும். அந்த நியாயத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய கணக்கு.

வார்த்தையே நமக்குப் பக்கத்தில் இருப்பதுதான். 'ஹேண்டிகேப்' கோல்ஃபுக்கு வருவதற்கு முன்பே குதிரைப் பந்தயத்தில் இருந்தது. நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை, எல்லாம் ஒன்றாக வந்து முடிக்கட்டும் என்பது ஏற்பாடு. கிண்டியில் பந்தய ஓடுபாதைக்கு உள்ளேயே அமைந்தது ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைக்குப் போட்ட கணக்கும் இந்தப் பக்கம் மனிதருக்குப் போட்ட கணக்கும் ஒரே பெயரில் நடந்த இடம் அது. எனக்கு அந்த மைதானத்தின் மேல் தனிப் பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே வல்லவன் மேல் சுமையை ஏற்றினார்கள், இங்கே எளியவனுக்குக் கைகொடுக்கிறார்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம்.

இப்போது நடைமுறையில் இருப்பது உலக ஹேண்டிகேப் முறை. அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ, ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ என்ற இரண்டு கோல்ஃப் அமைப்புகளும் சேர்ந்து 2020-ல் கொண்டுவந்தன. அதற்கு முன் உலகத்தில் ஆறு முறைகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாட்டில் 15 ஆக இருப்பவர் இன்னொரு நாட்டில் 18 ஆக இருக்கலாம் என்ற நிலை. அது போய் இப்போது எல்லாருக்கும் ஒரே படி, ஒரே மரக்கால்.

முதல் வேலை, ஒவ்வொரு கார்டையும் கொஞ்சம் சீர்செய்வது. உங்கள் 108-ல் ஒரு பார் 4 ஹோலில் 11 அடித்ததாக எழுதியிருந்தீர்கள். இண்டெக்ஸ் இல்லாத புதியவருக்கு எந்த ஹோலிலும் பாரை விட 5 அதிகம் வரைதான் கணக்கு. ஆக அந்த 11, 9 ஆகிவிடும். 108 என்பது 106 ஆனது அப்படித்தான். ஒரே ஒரு ஹோலில் பந்து தண்ணீருக்குள் இரண்டு முறை போனதற்காக உங்கள் திறமையையே குறைத்து எடைபோடக் கூடாதல்லவா? இனிமேல் உங்களுக்கு இண்டெக்ஸ் இருப்பதால் வரம்பு வேறு: பார், அதோடு 2, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். இதற்கு நெட் டபுள் போகி என்று பெயர்.

இரண்டாவது, எந்த மைதானத்தில் அடித்த ஸ்கோர் என்று பார்ப்பது. இதில்தான் எல்லாரும் குழம்புவார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஸ்கோர்கார்டில் பார் தவிர இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் மைதானத்துக்கு கோர்ஸ் ரேட்டிங் 70.6, ஸ்லோப் 120 என்று எழுதியிருந்தீர்கள். இந்த எண்களை யாரும் மனம்போனபடி போடுவதில்லை. பயிற்சி பெற்ற குழு ஒன்று வந்து ஒவ்வொரு ஹோலையும் அளந்து, மணல் குழி எங்கே, தண்ணீர் எங்கே, மரங்கள் எவ்வளவு நெருக்கம், குழி இருக்கும் புல்தரையான க்ரீன் எவ்வளவு மேடுபள்ளம் என்று பார்த்துப் போடுகிறது. அவர்கள் மனதில் இரண்டு கற்பனை ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் 0. ஆண் என்றால் டீயிலிருந்து, அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து, 250 கெஜம் அடிப்பார், 470 கெஜ ஹோலை இரண்டே அடியில் எட்டுவார். இன்னொருவர் போகி ஆட்டக்காரர், ஹேண்டிகேப் 20 வாக்கில். டீயிலிருந்து 200 கெஜம், இரண்டு அடியில் 370 கெஜம். பெண்களுக்கு இதே மாதிரி தனி அளவு உண்டு, தனி ரேட்டிங்கும் உண்டு. அதனால்தான் அப்பாவும் மகளும் வேறு வேறு டீயிலிருந்து ஆடி, சரிக்குச் சரியாக மோத முடிகிறது.

ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் இங்கே எவ்வளவு அடிப்பார் என்பது கோர்ஸ் ரேட்டிங். உங்கள் மைதானத்தில் 70.6. பார் 72 என்று கார்டில் இருந்தாலும் வல்லவருக்கு அது 70.6 தான். கொஞ்சம் எளிதான மைதானம் என்று அர்த்தம். நீங்கள் 72-ஐக் கழித்ததே முதல் தவறு. உங்கள் கணக்கில் கழிக்க வேண்டியது 70.6.

அப்புறம் ஸ்லோப். பல பேர் இதை மைதானத்தின் கடினம் என்று நினைக்கிறார்கள். கடினம் இல்லை, இடைவெளி. வல்லவருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் நடுவே இந்த மைதானம் எவ்வளவு இடைவெளியை உண்டாக்குகிறது என்பதுதான் ஸ்லோப். போகி ஆட்டக்காரர் அங்கே 92.9 அடிப்பார் என்று குழு கணித்தால், 92.9-இலிருந்து 70.6-ஐக் கழித்து வரும் 22.3-ஐ 5.381-ஆல் பெருக்குவார்கள். வருவது 120. பெண்களுக்கு 4.24-ஆல் பெருக்குவார்கள். சாதாரண மைதானத்துக்கு 113 என்று வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் 55, அதிகபட்சம் 155.

நீளமாக, ஆனால் அகலமாகத் திறந்து கிடக்கும் மைதானம் வல்லவரையும் கஷ்டப்படுத்தும், நம்மையும் கஷ்டப்படுத்தும். இடைவெளி பெரிதாகாது. டீக்கு முன்னால் 180 கெஜத்துக்குத் தண்ணீர் இருக்கிற ஹோலில் வல்லவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். நமக்கோ அன்றைய நாளே அந்த ஒரு ஹோலில் போய்விடும். அப்படிப்பட்ட மைதானத்தில்தான் ஸ்லோப் ஏறும்.

இப்போது கணக்கு: சீர்செய்த ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழியுங்கள். 113-ஐ ஸ்லோப்பால் வகுத்தால் வரும் எண்ணால் அதைப் பெருக்குங்கள். கிடைப்பது அந்த நாளின் டிஃபரன்ஷியல். உங்கள் 97-க்கு 26.4-ஐ 113-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 24.9. இதே மாதிரி 98-க்கு 25.8, 101-க்கு 28.6, 104-க்கு 31.5, 106-க்கு 33.3.

ஐந்து கார்டு மட்டும் இருப்பவருக்கு விதி என்ன? மிகக் குறைந்த டிஃபரன்ஷியல் ஒன்றே ஒன்றுதான் இண்டெக்ஸ். அதுதான் உங்கள் 24.9. மற்ற நான்கு கார்டுகளும் பதிவில் இருக்கும், ஆனால் இண்டெக்ஸைத் தொடவில்லை.

கார்டுகள் சேரச் சேர எடுக்கும் எண்ணிக்கையும் கூடும். மூன்று கார்டு என்றால் சிறந்த ஒன்று, அதிலும் 2 கழிப்பார்கள். ஆறு ஆனால் சிறந்த இரண்டின் சராசரியில் 1 கழிப்பார்கள். இப்படியே போய் 20 கார்டு ஆனதும் நிலையான விதிக்கு வந்துவிடும்: கடைசி 20-ல் சிறந்த 8-இன் சராசரி. மீதி 12 என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. 115 அடித்தாலும் அது உங்கள் இண்டெக்ஸை நேராக ஏற்றாது.

நேராக ஏற்றாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், மறைமுகமாக ஏறும். இது புரியாமல் என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள்: "போன வாரம் நன்றாகத்தானே ஆடினேன், இண்டெக்ஸ் ஏன் கூடிவிட்டது?" காரணம், புதுக் கார்டு ஒன்று உள்ளே வந்ததும் 21-வதாகிப்போன பழைய கார்டு வெளியே போகிறது. அந்தப் பழைய கார்டு நாலு மாதத்துக்கு முன் நீங்கள் அடித்த அருமையான 89 ஆக இருந்தால், அது போனதும் சராசரி ஏறிவிடும். இன்றைக்கு நீங்கள் ஆடியதால் ஏறவில்லை, அன்றைக்கு ஆடியது போய்விட்டதால் ஏறியது. உங்கள் பதிவைத் திறந்து 20-வது இடத்தில் எந்தக் கார்டு நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த மாற்றம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஏன் சராசரி வேண்டாம் என்றார்கள்? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. சராசரி என்றால் மோசமாக ஆடுவதே லாபமாகிவிடும். சும்மா பத்து நாள் தட்டிவிட்டு, போட்டி நாளில் ஒழுங்காக ஆடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். சிறந்த 8 என்று வைத்தால் அந்த வழி சுருங்கிவிடுகிறது. இன்னொன்று, புதியவரின் ஸ்கோர் மேலும் கீழும் நிறைய ஆடும். 9 ஹேண்டிகேப்காரர் பெரும்பாலும் 80-க்கும் 87-க்கும் நடுவில் இருப்பார். நீங்களோ 97 முதல் 108 வரை போகிறீர்கள். அறுபது பேர் ஆடும் போட்டியில் எல்லாருக்கும் சராசரிப்படி ஸ்ட்ரோக் கொடுத்தால், உங்களைப் போன்ற இருபது பேரில் யாராவது ஒருவருக்கு அன்று நல்ல நாளாக இருக்கும். அவர் எல்லாரையும் பத்து ஸ்ட்ரோக்கில் தாண்டிப் போய்விடுவார். நன்றாக ஆடுகிறவர்கள் போட்டிக்கு வருவதையே விட்டுவிடுவார்கள்.

அதனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஹேண்டிகேப்புக்கு ஆடுவது நாலைந்து ரவுண்டில் ஒரு முறைதான் நடக்கும். மற்ற நாட்களில் இரண்டு மூன்று ஸ்ட்ரோக் அதிகம் போவது எல்லாருக்கும் இயல்பு. 24.9 வைத்துக்கொண்டு 100 அடித்துவிட்டு வீட்டுக்கு வருத்தத்தோடு போக வேண்டியதில்லை.

பெங்களூர் 31-க்கு வருகிறேன். இண்டெக்ஸ் உங்களோடு ஊர் ஊராக வரும் எண், அது எங்கேயும் 24.9 தான். ஒரு மைதானத்துக்குப் போனதும் அதை அந்த மைதானத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி, 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். நீங்கள் ஆடிய பெங்களூர் மைதானத்தின் ரேட்டிங் 73.0, ஸ்லோப் 135, பார் 72 என்று எழுதியிருக்கிறீர்கள். 24.9-க்கு 29.75 வரும், அதோடு 1 சேர்த்தால் 30.75, அதாவது 31. உங்கள் சொந்த மைதானத்தில் 26.44 வரும், ரேட்டிங் பாரை விடக் குறைவு என்பதால் 1.4 போய் 25. இதற்குக் கோர்ஸ் ஹேண்டிகேப் என்று பெயர். டீக்குப் பக்கத்தில் பலகையில் அட்டவணை ஒட்டியிருப்பார்கள், பெருக்கிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

போட்டி என்றால் இன்னும் ஒரு படி. மொத்த அடிகளை எண்ணும் தனிநபர் ஸ்ட்ரோக் ப்ளேயில் அதில் 95 சதவீதம், உங்களுக்கு 24. இருவர் மோதி, ஹோல் ஹோலாக யார் ஜெயித்தார் என்று எண்ணும் மேட்ச் ப்ளேயில் முழு 100 சதவீதம். நால்வர் ஆடும் ஃபோர்பால் மேட்ச் என்றால் 90.

25 ஸ்ட்ரோக்கை எங்கே எடுத்துக்கொள்வது? கார்டில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று 1 முதல் 18 வரை ஹோல்களுக்கு வரிசை போட்டிருக்கும். எல்லா ஹோலிலும் ஒன்று, அதோடு 1 முதல் 7 வரை இன்னொன்று. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 5 உள்ள பார் 4 ஹோலில் நீங்கள் 6 அடித்தால் இரண்டு ஸ்ட்ரோக் போய் நெட் 4, அதாவது பார். வரம்பு அந்த ஹோலில் 8. நண்பர்களோடு ஆடும் ரவுண்டில் அதற்கு மேல் போனால் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடங்கள், பின்னால் வருகிறவர்களும் வாழ்த்துவார்கள். பையைச் சுமந்துகொண்டு கூட வரும் நம்ம ஊர் கேடிகளுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஒரு முறை நான் தூரத்துக்கு ஆசைப்பட்டு மரத்தைத் தாண்டி அடிக்கப் பெரிய கட்டையை உருவினேன். பக்கத்தில் நின்ற கேடி அண்ணன், "சார், இது உங்களுக்கு ரெண்டு ஸ்ட்ரோக் ஹோலு. பக்கத்துல போட்டுட்டு வாங்க, அஞ்சுல முடிச்சாலே போதும்" என்றார். ஹேண்டிகேப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மற்ற காவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த ஓராண்டில் உங்களுக்கு இருந்த மிகக் குறைந்த இண்டெக்ஸை விட 3-க்கு மேல் ஏறினால் அந்த மிச்ச ஏற்றம் பாதியாகக் குறைக்கப்படும். 5-க்கு மேல் ஏறவே முடியாது. திடீரென்று இண்டெக்ஸை விட 7 அல்லது அதற்கு மேல் குறைவான டிஃபரன்ஷியல் வந்தால் கூடுதலாக 1 கழிப்பார்கள், 10 அல்லது அதற்கு மேல் என்றால் 2. யாருக்கும் 54.0-ஐத் தாண்டி இண்டெக்ஸ் கிடையாது.

நம் ஊருக்கு ரொம்பப் பொருந்துவது இன்னொன்று. நவம்பர் மழையில் டீக்கும் க்ரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளியான ஃபேர்வே சொதசொதவென்று கிடக்கும்போதோ, மதியத்துக்கு மேல் கடல்காற்று பலமாக எழும்பும்போதோ எல்லாருக்கும் ஸ்கோர் ஏறும். அன்றைக்கு ஆடியவர்களின் கார்டுகளைக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்தது எட்டுக் கார்டு இருக்க வேண்டும். எதிர்பார்த்ததை விட எல்லாரும் மோசம் என்றால் டிஃபரன்ஷியல் கணக்கில் 1 முதல் 3 வரை கழித்துக் கொடுக்கும். எல்லாரும் அபாரமாக ஆடியிருந்தால் 1 கூட்டும். அந்தந்த நாளிலேயே கார்டைக் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் உங்கள் கார்டு அன்றைய ஒப்பீட்டில் இருக்காது.

எந்தக் கார்டைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் கறாராக இருங்கள். தனியாக ஆடியது செல்லாது, கூட ஒருவராவது இருக்க வேண்டும். "முதல் டீ சரியில்லை, இன்னொன்று அடிச்சுக்கோ" என்று நண்பர்கள் விட்ட ரவுண்டு செல்லாது. நன்றாக ஆடிய நாளின் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மோசமானதை மட்டும் மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். முன்னவர் மற்றவர்களின் பரிசை எடுத்துக்கொள்கிறார், பின்னவர் தன் பரிசைத் தானே இழக்கிறார். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. இந்த முறை முழுக்க முழுக்க ஆடுகிறவரின் நேர்மையை நம்பி நிற்பது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மச்சானின் 9.8 உங்கள் மைதானத்தில் 9 ஆகும். நீங்கள் 25. வித்தியாசம் 16. மேட்ச் ப்ளேயில் அவர் பூஜ்யத்திலிருந்து ஆடுவார், நீங்கள் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 16 வரை உள்ள ஹோல்களில் தலா ஒன்று வாங்கிக்கொள்வீர்கள். 17, 18 என்று குறித்த இரண்டு ஹோலில் மட்டும் நேருக்கு நேர். முதல் டீயிலேயே இதைப் பேசி முடித்துவிடுங்கள், நடுவில் பேசினால் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வரும்.

உங்கள் கிளப் மேட்ச் ப்ளே கார்டை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கும் என்றால், மேட்ச் 15-வது ஹோலிலேயே முடிந்துவிட்டாலும் மிச்சத்தையும் ஆடி முடியுங்கள். மச்சான் "எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுத்த பட், அதாவது குழியை நோக்கி உருட்டும் அடி, இருந்தால், அதை எத்தனை அடியில் முடித்திருப்பீர்களோ அதை நேர்மையாக எழுதுங்கள். அது உங்கள் ஆறாவது கார்டு. 96 அடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிஃபரன்ஷியல் 23.9. சிறந்த இரண்டு 23.9-உம் 24.9-உம், சராசரி 24.4, அதில் 1 போய் புது இண்டெக்ஸ் 23.4. உங்கள் மைதானத்தில் அது 23 ஆகும். அடுத்த முறை மச்சானிடம் 14 தான் கேட்க முடியும்.